ஐ-ஐ (விலங்கு)

ஐ-ஐ என்பது ஆப்பிரிக்காவின் தென்கிழக்கே இந்தியப் பெருங்கடலில் உள்ள மடகாசுகர் தீவில் மட்டும் இயற்கையாக வாழும் ஒரு பாலூட்டி விலங்கு ஆகும். குரங்குகள், தேவாங்குகள், மனிதர் ஆகிய அனைவரும் அடங்கும் முதனிகள் என்னும் வரிசையைச் சேர்ந்த இவ்விலங்கு, லெமூர்களுள் ஒன்றாக வகைப்படுத்தப்படுகின்றது. இரவில் இயங்கும் முதனிகள் யாவற்றினும் இதுவே உருவில் பெரியது. வௌவாலின் காதுகளை நினைவூட்டும் அகன்ற காதுகள், அணிலைப் போல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருக்கும் முன்பற்கள், நரியின் வால் போன்று அடர்ந்த வால், உலர்ந்த குச்சி போல் மெலிந்த நடுவிரல் ஆகிய யாவும் ஒரே உடலில் அமைந்திருப்பதால், உலகின் மிக விந்தையான தோற்றம் கொண்ட பாலூட்டிகளுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது.

இதன் அறிவியற்பெயர் டாபென்டோனியா மடகாசுகரியென்சிசு என்பதாகும். டாபென்டோனியா என்னும் பேரினத்திலும், அப்பேரினம் அடங்கிய குடும்பத்திலும் இன்று உயிரோடு எஞ்சியுள்ள ஒரே இனம் இதுவே. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஐ-ஐயை அழிவாய்ப்புக்கு உட்பட்ட இனமாகப் பட்டியலிட்டுள்ளது. காடுகள் அழிக்கப்படுவதுடன், இதன் தோற்றத்தைக் கண்டு மக்கள் கொள்ளும் அச்சமும் இந்நிலைக்கு ஒரு காரணமாகும். விலங்கொன்றின் உருவத்தை மனிதர் எவ்வாறு பார்க்கின்றனர் என்பது அவ்விலங்கின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்யக்கூடும் என்பதற்கு ஐ-ஐ ஒரு தெளிவான எடுத்துக்காட்டாகும்.

பெயர்க்காரணம்

இவ்விலங்கை ஐரோப்பியருக்கு முதலில் அறிமுகப்படுத்தியவர் பியர் சொன்னரா (1748-1814) என்னும் பிரான்சு நாட்டு இயற்கையியலாளர் ஆவார். 1782 ஆம் ஆண்டு வெளியான தம் பயண நூலில் அவர் இதனைப் பற்றி எழுதினார். தீவின் மேற்குக் கரையில் கிடைத்த இவ்விலங்கைக் கிழக்குக் கரை மக்களிடம் காட்டியபோது, அவர்கள் வியப்பால் எழுப்பிய ஒலியையே இதற்குப் பெயராக வைத்ததாக அவர் குறிப்பிட்டார்.

இப்பெயருக்கு வேறொரு விளக்கமும் உண்டு. மலகாசி மொழியில் "எனக்குத் தெரியாது" என்னும் பொருளில் வழங்கும் சொல்லொன்று ஏறத்தாழ இதே ஒலிப்புடையது. இவ்விலங்கின் பெயரைச் சொல்லவே அஞ்சிய மக்கள், "இது என்ன?" என்று கேட்ட ஐரோப்பியரிடம் "தெரியாது" என்று கூறி நழுவியிருக்கலாம் என்றும், அவ்விடையே பெயராக நிலைத்துவிட்டிருக்கலாம் என்றும் ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். இவ்விரு விளக்கங்களில் ஒன்று வியப்பிலிருந்தும் மற்றொன்று அச்சத்திலிருந்தும் பிறப்பது கருதத்தக்கது.

தமிழில் "ஐ" என்பது ஓரெழுத்து ஒருமொழி. அதற்கு அழகு, தலைவன் முதலிய பல பொருள்கள் உள்ளன. தொல்காப்பியத்தின் உரியியலில் இச்சொல்லுக்கு வியப்பு என்னும் பொருள் கூறப்பட்டுள்ளது. இது தற்செயலான ஒலி ஒற்றுமையே அன்றி, இரு மொழிகளுக்கும் இடையே இச்சொல்லால் தொடர்பு ஏதும் இல்லை.

சொன்னரா புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். தென்னிந்தியக் காடுகளில் காணப்படும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் அறிவியற்பெயரான கேலசு சொன்னராட்டி என்பது இவர் பெயரால் அமைந்ததே ஆகும்.

வகைப்பாட்டு வரலாறு

ஐ-ஐயை எந்த வகையில் சேர்ப்பது என்பது நெடுங்காலம் விடுபடாத புதிராகவே இருந்தது. 1788 ஆம் ஆண்டில் செருமானிய இயற்கையியலாளர் யோகான் கிமெலின் இதற்கு முதன்முதலாக அறிவியற்பெயர் சூட்டியபோது, பற்களின் அமைப்பைக் கொண்டு இதனை அணில்களின் பேரினத்தில் சேர்த்தார். 1795 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு விலங்கியலாளர் எத்தியேன் சொஃப்ருவா செயிண்ட்-இலேர், தம் மூத்த அறிஞர் டாபென்டன் என்பவரைச் சிறப்பிக்கும் வகையில் டாபென்டோனியா என்னும் பேரினத்தை ஏற்படுத்தினார். ஆயினும் அதன் பிறகும் இது கொறிணிகளுள் ஒன்றாகவே பலராலும் கருதப்பட்டு வந்தது.

1863 ஆம் ஆண்டில் ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ரிச்சர்டு ஓவன் இவ்விலங்கின் உடற்கூறுகளை விரிவாக ஆராய்ந்து நூலொன்றை வெளியிட்டார். மண்டையோட்டின் அமைப்பு, முன்னோக்கிய கண்கள், பற்றிப் பிடிக்கும் கால் பெருவிரல் முதலியன இது முதனி என்பதைக் காட்டின. கொறிணிகளை ஒத்த பற்கள், ஒரே வகையான வாழ்க்கைத் தேவையால் தனியே தோன்றியவை. தொடர்பற்ற உயிரினங்களில் இவ்வாறு ஒத்த உறுப்புகள் தோன்றுவதை உயிரியலாளர் குவிப் படிவளர்ச்சி என்பர்.

மரபணு ஆய்வுகளின்படி, ஐ-ஐயின் கால்வழி மற்றெல்லா லெமூர்களிலிருந்தும் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துவிட்டது. கென்யாவில் கிடைத்த புரோபோட்டோ என்னும் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழைமையான தொல்லுயிர் எச்சம் இவ்வரலாற்றில் புதிய கேள்வியை எழுப்பியுள்ளது. 1967 இல் தேவாங்கின் உறவாக விவரிக்கப்பட்டுப் பின்னர் பழந்தின்னி வௌவால் என்று கருதப்பட்ட அவ்வெச்சம், உண்மையில் ஐ-ஐயின் உறவினம் என்று 2018 இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகின்றது. இது சரியாயின், ஐ-ஐயின் முன்னோர் மற்ற லெமூர்களின் முன்னோருடன் சேர்ந்து வராமல், ஆப்பிரிக்காவிலிருந்து தனியே கடல் கடந்து மடகாசுகரை அடைந்திருக்க வேண்டும்.

இப்பேரினத்தில் பேருரு ஐ-ஐ என்னும் மற்றோர் இனமும் இருந்தது. இன்றைய ஐ-ஐயைப் போல் இருமடங்குக்கும் மேற்பட்ட எடை கொண்டிருந்த அது, மனிதர் தீவில் குடியேறிய பின்னர் அற்றுப்போய்விட்டது. மனிதரால் துளையிடப்பட்ட அதன் முன்பற்கள் தென்மேற்கு மடகாசுகரில் கிடைத்துள்ளன.

உடலமைப்பு

வளர்ந்த ஐ-ஐயின் உடல் ஏறத்தாழ 40 செ.மீ நீளமுடையது. வால் உடலைவிட நீளமானது. எடை பெரும்பாலும் 2 முதல் 3 கிலோகிராம் வரை இருக்கும். உடலைக் கரும்பழுப்பு அல்லது கருநிற முரட்டு மயிர் போர்த்தியுள்ளது. நீண்ட மயிர்களின் நுனி வெண்மையாக இருப்பதால், நிலவொளியில் நரை விழுந்தது போன்ற தோற்றம் உண்டாகும். முகம் சற்று வெளிறியது. கண்கள் பெரியவை, மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறமுடையவை. மரத்தைக் கொறிக்கும்போது சிதறும் துகள்களிலிருந்து கண்களைக் காக்க, இமைகளுக்குள் மூன்றாவது இமைப் படலம் ஒன்று உள்ளது.

முதிர்ந்த விலங்கின் வாயில் 18 பற்களே உள்ளன. கோரைப்பற்கள் இல்லை. முன்பற்கள் இடைவிடாது வளர்வதால், கடின மரத்தையும் கொட்டைகளின் ஓட்டையும் எவ்வளவு கொறித்தாலும் அவை தேய்ந்து தீர்ந்துபோவதில்லை. கால் பெருவிரலில் மட்டும் தட்டையான நகம் உண்டு. மற்ற விரல்களில் கூரிய நகங்கள் உள்ளன. இதனால் செங்குத்தான அடிமரத்திலும் எளிதாக ஏறவும் இறங்கவும் இயலும்.

ஈரமூக்கு முதனிகளுள், உடல் அளவோடு ஒப்பிடும்போது, ஐ-ஐயின் மூளையே பெரியது. உணவு தேடுவதற்குத் தொடுதல், கேட்டல், மோப்பம் ஆகிய புலன்களை ஒருங்கே பயன்படுத்த வேண்டியிருப்பது இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது.

கையும் விரல்களும்

ஐ-ஐயின் கைவிரல்கள் யாவும் நீண்டவை. அவற்றுள் நான்காவது விரலே மிக நீளமானது. எனினும் காண்போர் கண்ணில் முதலில் படுவது நடுவிரலேயாகும். எலும்பின்மேல் தோல் மட்டும் போர்த்தியது போல் அது மெலிந்து காணப்படும். இவ்விரல் உள்ளங்கையோடு இணையும் மூட்டு, நம் தோள்மூட்டைப் போன்று பந்துக் கிண்ண அமைப்புடையது. ஆகவே மற்ற விரல்களை அசைக்காமல், இதனை மட்டும் எத்திசையிலும் சுழற்ற முடியும்.

இவ்விரலை ஐ-ஐ மிகவும் கவனமாகப் பேணுகின்றது. வெப்பப் படக்கருவி கொண்டு செய்யப்பட்டு 2012 இல் வெளியான ஆய்வொன்றின்படி, நடுவிரல் பயன்பாட்டில் இல்லாதபோது மற்ற விரல்களைவிடக் குளிர்ந்து இருக்கின்றது. தட்டத் தொடங்கியதும் அதன் வெப்பநிலை 6 பாகை செல்சியசு அளவுக்குக்கூட உயர்கின்றது. மெலிந்த உறுப்பின் வழியே உடல் வெப்பம் வீணாவதைத் தவிர்ப்பதற்காகத் தேவையற்ற நேரத்தில் அதன் குருதியோட்டம் குறைக்கப்படுகின்றது என்று இதனை விளக்குவர்.

2019 ஆம் ஆண்டில் ஐ-ஐயின் மணிக்கட்டு அருகே எலும்பும் குருத்தெலும்பும் தசைகளும் கொண்ட சிறு உறுப்பு ஒன்று கண்டறியப்பட்டது. ஆய்வாளர் இதனைப் போலிக் கட்டைவிரல் என்றனர். விரல்கள் உணவு தேடுவதற்கென்றே தனித்திறம் பெற்றுவிட்டதால், கிளையைப் பற்றுவதில் அவற்றிற்கு ஏற்பட்ட குறையை இது ஈடு செய்வதாக எண்ணப்படுகின்றது. 2022 இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஐ-ஐ தன் நடுவிரலை மூக்கினுள் ஏறத்தாழ முழுமையாக நுழைத்துச் சளியை எடுத்து உண்பது விவரிக்கப்பட்டது. அவ்விரல் தொண்டையின் மேற்பகுதி வரை எட்டக்கூடும் என்று படிமங்களின் துணையால் காட்டப்பட்டது.

உணவு தேடும் முறை

ஐ-ஐயின் முதன்மை உணவுகளுள் ஒன்று மரத்தினுள் வாழும் வண்டுகளின் புழுக்கள் ஆகும். இப்புழுக்கள் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. அவற்றைக் கண்டுபிடிக்க ஐ-ஐ பின்வரும் முறையைக் கையாளுகின்றது:

1. கிளையின் மீது மெல்ல நடந்தவாறே நடுவிரலால் மரத்தின் மேற்பரப்பை விரைவாகத் தட்டும். ஒரு நொடியில் 8 முறை வரை இவ்வாறு தட்ட வல்லது.
2. காதுகளை முன்னே குவித்து, தட்டும் ஒலியின் மாறுபாட்டைக் கேட்கும். திண்மையான மரமும் உட்குடைவான மரமும் வெவ்வேறு ஒலி தரும்.
3. குடைவு இருக்கும் இடம் தெரிந்ததும், முன்பற்களால் மரத்தைக் கொறித்துத் துளையிடும்.
4. துளையினுள் நடுவிரலை நுழைத்துப் புழுவைக் கொக்கி போல் இழுத்து எடுத்து உண்ணும்.

தேங்காயையோ பலாப்பழத்தையோ வாங்குவோர் அதனை விரலால் தட்டி ஓசையைக் கொண்டு உள்ளிருப்பதை அறிவது நாம் அன்றாடம் காணும் செயல். ஐ-ஐ செய்வதும் அடிப்படையில் இதுவே. ஆனால் பன்மடங்கு நுட்பத்துடன் செய்கின்றது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் எரிக்சன் 1990களில் மரக்கட்டைகளுள் மறைவான குழிகளை அமைத்துச் செய்த ஆய்வுகளில், புழு இல்லாத வெற்றுக் குழிகளையும் ஐ-ஐ தட்டிக் கண்டுபிடித்தது. எனவே, புழுவின் மணத்தையோ அசைவையோ மட்டும் நம்பி இது தேடுவதில்லை என்பது தெளிவாயிற்று.

புழுக்களைத் தவிர, ராமி எனப்படும் மரத்தின் கொட்டைகளையும் இது விரும்பி உண்ணும். கடினமான ஓட்டைக் கொறித்து உடைத்து, பருப்பை விரலால் தோண்டி எடுக்கும். தமிழ்நாட்டு மலைக்காடுகளில் வளரும் கருங்குங்கிலிய மரம் இம்மரத்தின் பேரினத்தைச் சேர்ந்ததே. மேலும், நம் ஊர்ப் பூங்காக்களில் அழகுக்காக வளர்க்கப்படும் விசிறிவாழையின் தாயகம் மடகாசுகர் ஆகும். அதன் பூந்தேனும் ஐ-ஐயின் உணவாகும். பூசணங்கள், தேங்காய், கரும்பு, விளச்சிப்பழம் ஆகியவற்றையும் இது உண்கின்றது. தோட்டப் பயிர்களைத் தின்பது உழவர்களுடன் இதற்கு மோதலை உண்டாக்குகின்றது.

மரங்கொத்தியும் ஐ-ஐயும்

மடகாசுகரில் மரங்கொத்திப் பறவைகள் இல்லை. பிற நாட்டுக் காடுகளில் மரங்கொத்திகள் மரத்தைத் தட்டி, துளையிட்டு, நீண்ட நாக்கால் புழுக்களை வெளியே எடுக்கின்றன. மடகாசுகரில் இப்பணியை ஐ-ஐ செய்கின்றது. அலகுக்கு ஈடாக முன்பற்களும், நாக்குக்கு ஈடாக நடுவிரலும் அதற்கு அமைந்துள்ளன.

நியூகினித் தீவிலும் ஆத்திரேலியாவின் வடகிழக்கிலும் மரங்கொத்திகள் இல்லை. அங்கே வரிப்போசம் என்னும் பைம்மாவினம் இதே வேலையைச் செய்கின்றது. அதற்கும் கையில் ஒரு விரல் மட்டும் மிக நீண்டிருக்கின்றது. ஆனால் அது நடுவிரல் அன்று, நான்காவது விரலாகும். நெருங்கிய உறவற்ற இரு விலங்குகள், வெகு தொலைவிலுள்ள இரு நிலங்களில், ஒரே தேவைக்கு ஏறத்தாழ ஒரே வழியைப் பெற்றிருப்பது குவிப் படிவளர்ச்சியைக் கற்போருக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

வாழ்க்கை முறை

ஐ-ஐ பகல் முழுவதும் கூட்டில் உறங்கும். மரக்கிளைகளின் கவட்டில், இலைகளையும் சிறு கிளைகளையும் பின்னிப் பந்து வடிவில் கூடு கட்டும். ஒரு விலங்கு பல கூடுகளைப் பயன்படுத்துவதும், ஒன்று விட்டுச்சென்ற கூட்டில் மற்றொன்று தங்குவதும் உண்டு. மாலை மயங்கியதும் வெளியே வந்து, இரவின் பெரும்பகுதியை உணவு தேடுவதில் செலவிடும்.

இவை பெரும்பாலும் தனித்தே திரிகின்றன. நோசி மங்கபே தீவில் செய்யப்பட்ட ஆய்வின்படி, ஒரு பெண் விலங்கின் நடமாட்டப் பரப்பு 30 முதல் 40 எக்டேர் வரையிலும், ஆண் விலங்கின் பரப்பு 100 எக்டேருக்கு மேலும் இருக்கும். இவ்வளவு பரந்த நிலம் தேவைப்படுவதால், சிறு துண்டுகளாகச் சிதைந்துபோன காடுகளில் மிகச் சில ஐ-ஐகளே வாழ முடியும்.

இதற்குக் குறிப்பிட்ட இனப்பெருக்கப் பருவம் இல்லை. கருக்காலம் ஏறத்தாழ ஐந்தரை மாதங்கள். ஓர் ஈற்றில் ஒரு குட்டியே பிறக்கும். பிறக்கும்போது அதன் எடை 100 கிராம் அளவினதாகும். மற்ற முதனிகளைப் போலன்றி, தாயின் இரு பால்காம்புகளும் அடிவயிற்றில், தொடைகளின் அருகே அமைந்துள்ளன. மரத்தைத் தட்டிப் புழுவெடுக்கும் கலையைக் கற்கக் குட்டிக்கு நெடுநாள் ஆகின்றது. ஆகவே அது இரண்டாண்டுகள் வரையிலும் தாயுடன் இருக்கும். ஒரு தாய் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையே குட்டி ஈனும். ஒரு பகுதியில் சில விலங்குகள் கொல்லப்பட்டாலும், அந்த இழப்பு ஈடாகப் பல்லாண்டுகள் ஆகும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

மக்களின் நம்பிக்கைகள்

மடகாசுகர் மக்களின் வாழ்வில் ஃபாடி எனப்படும் விலக்குகள் முதன்மையான இடம் பெறுகின்றன. எதை உண்ணலாகாது, எதைத் தொடலாகாது, எவ்விடத்திற்குச் செல்லலாகாது என்பவற்றை முன்னோர் வகுத்த இவ்விலக்குகள் உணர்த்துகின்றன. ஃபாடி பல இடங்களில் காட்டுயிர்களைக் காத்து வந்துள்ளது. ஒரு விலங்கை உண்பது விலக்கு எனில், அவ்வூரார் அதனை வேட்டையாடுவதில்லை. ஆனால் ஐ-ஐயைப் பொறுத்தவரை பல இடங்களில் இதற்கு நேர்மாறாக நிகழ்ந்துள்ளது.

ஐ-ஐயைக் காண்பது சாவுக்கு அறிகுறி என்பது தீவின் பல பகுதிகளில் நிலவும் நம்பிக்கை ஆகும். அது தன் மெல்லிய விரலை யாரை நோக்கி நீட்டுகின்றதோ அவர் இறப்பார் என்றும், இரவில் வீட்டினுள் புகுந்து உறங்குவோரின் நெஞ்சை விரலால் துளைத்துவிடும் என்றும் கதைகள் வழங்குகின்றன. எனவே கண்ட இடத்திலேயே இதனைக் கொன்றுவிடுவது சில ஊர்களில் வழக்கம். கொன்ற உடலையோ வாலையோ ஊருக்கு வெளியே வழியோரக் கழியில் கட்டித் தொங்கவிடுவர். அவ்வழியே செல்லும் அயலார் தீமையைத் தம்முடன் எடுத்துச் சென்றுவிடுவர் என்பது எண்ணம்.

இந்நம்பிக்கை தீவு முழுவதற்கும் பொதுவானது அன்று. சில இடங்களில் ஐ-ஐ நன்மை தருவதாகவும், முன்னோரின் ஆவி உறையும் விலங்காகவும் மதிக்கப்படுகின்றது. ஒரே உருவம் ஓரூரில் கூற்றுவனாகவும் மற்றோரூரில் முன்னோராகவும் காணப்படுகின்றது.

மனிதரைக் கண்டு ஐ-ஐ அஞ்சி ஓடுவதில்லை. சில வேளைகளில் மிக அருகே வந்து உற்று நோக்கும். அறிய விரும்பும் விலங்கின் இயல்பே இது. ஆயினும் இருளில் ஒளிரும் கண்களுடன் ஒதுங்காமல் நிற்கும் இவ்வுருவம், ஏற்கெனவே அச்சம் கொண்டவரின் அச்சத்தை மேலும் பெருக்குகின்றது.

அழிவும் மீட்பும்

1930களில் ஐ-ஐ அற்றுப்போய்விட்டதாகவே கருதப்பட்டது. 1957 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு விலங்கியலாளர் ழான்-ழாக் பெத்தேர் இதனை மீண்டும் கண்டறிந்தார். காட்டழிவையும் வேட்டையையும் கண்ட அவர், 1966 இல் ஒன்பது ஐ-ஐகளைப் பிடித்து, அன்டோங்கில் வளைகுடாவில் உள்ள நோசி மங்கபே என்னும் சிறு தீவில் விடச் செய்தார். ஏறத்தாழ 520 எக்டேர் பரப்புள்ள அத்தீவு இவற்றிற்கென ஒதுக்கப்பட்டது. அவை அங்கே பிழைத்துப் பெருகின. பிற்காலத்தில் முதன்மைத் தீவின் பல பகுதிகளிலும் ஐ-ஐகள் இருப்பது தெரியவந்தது. மழைக்காடுகளில் மட்டுமன்றி வறண்ட காடுகளிலும் தோட்டங்களிலும் இவை காணப்பட்டன. லெமூர்களுள் பரந்த வாழிடம் கொண்ட இனம் இதுவென இன்று கருதப்படுகின்றது. ஆயினும் எங்குமே இவை மிகுந்த எண்ணிக்கையில் இல்லை.

2013 இல் வெளியான மரபணு ஆய்வொன்று, வடபகுதி ஐ-ஐகள் கிழக்கிலும் மேற்கிலும் உள்ளவற்றிலிருந்து நெடுங்காலமாகப் பிரிந்து வாழ்கின்றன என்று காட்டியது. எனவே ஒரு பகுதியில் மட்டும் இவற்றைக் காத்தால் போதாது.

காட்டழிவே இன்றைய பேரிடர் ஆகும். 1953 ஆம் ஆண்டுக்கும் 2014 ஆம் ஆண்டுக்கும் இடையில் மடகாசுகர் தன் இயற்கைக் காடுகளில் ஏறத்தாழ 44 விழுக்காட்டை இழந்தது. வறுமையில் வாடும் மக்கள் நெல் பயிரிடக் காட்டை எரித்து நிலமாக்குவதும், கரியும் மரமும் எடுப்பதும் இதற்குக் காரணங்கள். 2020 ஆம் ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 107 லெமூர் இனங்களில் 103 அழிவின் அச்சுறுத்தலுக்கு உள்ளாகியுள்ளன.

காப்பகங்களிலும் ஐ-ஐகள் வளர்க்கப்படுகின்றன. இலண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு 1862 ஆம் ஆண்டிலேயே உயிருள்ள ஐ-ஐ ஒன்று கொண்டுவரப்பட்டது. எழுத்தாளரும் காப்பாளருமான ஜெரால்டு டரல் 1990 இல் மடகாசுகருக்குச் சென்று, செர்சி தீவிலுள்ள தம் காப்பகத்துக்கு ஐ-ஐகளைக் கொண்டுவந்தார். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1992 இல் வெளிவந்தது. அதே 1992 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் லெமூர் நடுவத்திலும் ஐ-ஐக் குட்டி ஒன்று பிறந்தது. மேலே கூறப்பட்ட தட்டல் ஆய்வு, மூக்கு ஆய்வு போன்றவை இத்தகைய காப்பகங்களில் வாழும் விலங்குகளால்தான் இயன்றன.

தோற்றமும் மதிப்பும்

அரிய விலங்குகளைக் காப்பதற்கான பொருளும் கவனமும் பெரும்பாலும் கண்ணுக்கு இனிய விலங்குகளையே சென்றடைகின்றன. புலி, பாண்டா, யானை ஆகியவற்றின் படங்கள் எளிதில் மக்கள் மனத்தைக் கவரும். அவற்றின் பொருட்டுக் காக்கப்படும் காட்டில் மற்ற உயிர்களும் வாழ்கின்றன என்பது உண்மையே. எனினும், அழகற்றதெனக் கருதப்படும் விலங்கு தனக்கென வாதாட எவருமின்றி நிற்கின்றது.

இக்குறையைப் போக்கும் முயற்சிகளுள் ஒன்றாக, இலண்டன் விலங்கியல் கழகம் 2007 ஆம் ஆண்டில் புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. விலங்கின் அழகை நோக்காமல், அதன் கால்வழி எவ்வளவு தனித்தது, அது அழிவுக்கு எவ்வளவு அருகில் உள்ளது ஆகிய இரண்டையும் கொண்டு முன்னுரிமை வகுக்கப்பட்டது. இவ்வளவுகோலில் ஐ-ஐ பாலூட்டிகளுள் உயர்ந்த இடத்தைப் பெறுகின்றது. ஐ-ஐ அற்றுப்போனால் ஓர் இனத்துடன் ஒரு பேரினமும் ஒரு குடும்பமும் உலகிலிருந்து மறைந்துவிடும்.

ஐ-ஐயின் உருவத்தில் அச்சுறுத்துவதாகத் தோன்றும் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பயன் இருப்பதை மேற்கண்ட பகுதிகளில் காணலாம். பெரிய காது புழுவின் குடைவைக் கேட்பதற்கு. நீண்ட முன்பல் மரத்தைத் திறப்பதற்கு. மெலிந்த விரல் குறுகிய துளையில் நுழைவதற்கு. ஒளிரும் கண் இருளில் வழி காண்பதற்கு. உறுப்பின் பயனை அறிந்த பின் அவ்வுருவத்தை நோக்கும் பார்வையும் மாறுகின்றது. விலங்கை அறிந்துகொள்வது அதன் அழகை உணர்வதற்கு ஒரு வழியாகும்.

தமிழருக்கு இது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. ஐ-ஐயின் தொலைவு உறவினமான தேவாங்கு தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வாழ்கின்றது. அதுவும் இரவாடி, பெரிய வட்டக் கண்களும் மெலிந்த கைகால்களும் உடையது. மெலிந்த உடலினரைத் "தேவாங்கு" என்று இகழ்வது பேச்சு வழக்கில் உண்டு. மூடநம்பிக்கைகளின் பொருட்டும் மாந்திரீகத்தின் பொருட்டும் தேவாங்குகள் பிடிக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்டு வந்துள்ளன. பயிர்களைத் தாக்கும் பூச்சிகளை உண்டு உழவருக்கு நன்மை செய்யும் இவ்விலங்குக்காக, 2022 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு காப்பகத்தை அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதல் காப்பகம் இதுவே.

மடகாசுகரிலும் காப்பு அமைப்புகள் பள்ளி மாணவரிடையே லெமூர்களைப் பற்றிய கல்வியைப் பரப்பி வருகின்றன. ஐ-ஐயைக் கொல்வது சட்டப்படி குற்றம் ஆயினும், காட்டோரச் சிற்றூரில் நள்ளிரவில் நிகழ்வதைச் சட்டம் ஒன்றினால் மட்டும் தடுக்க இயலாது. கூரைமேல் வந்தமர்ந்த விலங்கைக் காணும் ஒருவர், அது மரப்புழுவைத் தேடி வந்தது என்று அறிந்திருப்பாராயின், கழியை எடுக்காமல் இருக்க வாய்ப்புண்டு. ஐ-ஐயின் எதிர்காலம் காடுகளின் நிலையையும், அதனைக் காண்போர் அதில் எதைக் காண்கின்றனர் என்பதையும் பொறுத்து அமையும்.